‘தயாரிப்பு தேவையில்லை’ என்று இனி எழுதாதீர்கள்: கல்லூரிச் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுத் தலைவர்களுக்கும், இளநிலைப் படிப்புகளுக்கு நேர்காணல் நடத்தும் பேராசிரியர்களுக்கும்,

இந்த ஆண்டு என் மாணவர்களுக்கு வந்த நேர்காணல் அழைப்பில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, அறை எண் இருந்தது, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் நீண்ட பட்டியல் இருந்தது. கடைசியில் ஒரு வரி: “இதற்கெனத் தனியாகத் தயாரிப்பு எதுவும் தேவையில்லை. இயல்பாக இருந்தால் போதும்.” நல்லெண்ணத்தோடு எழுதிய வரி என்றே நம்புகிறேன். பயந்துபோய் வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்ல நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்த வரியை அப்படியே நம்பி வந்து இடத்தை இழந்த பிள்ளைகளோடு இருப்பவள் நான். பள்ளி இறுதி வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். மாலை வேளைகளில், கல்லூரி நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிப் பழக்குகிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகிற தகவலைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் எந்த நேரத்தில் மிகக் குட்டையாக இருக்கிறது என்று வாரம் தவறாமல் குறித்து வந்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது நிழல் குட்டையாக இருக்கும் என்று நினைத்தவளுக்கு, அது முன்னே பின்னே நகர்வது தெரிந்தது. ஏன் என்று தேடிப் போனாள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்துதான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதைத் தானே படித்துப் புரிந்துகொண்டு, வரைபடத்தோடு என்னிடம் வந்து விளக்கினாள். இயற்பியல் துறை இப்படிப்பட்ட ஒரு பிள்ளையைத்தான் தேடும் என்று நான் நினைத்தேன்.

உங்களில் ஒரு குழுவின் முன்னால் அவள் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. “உன்னைப் பற்றிச் சொல்” என்றார்கள். பெயரையும் பள்ளியையும் அம்மா செய்யும் வேலையையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். “இந்தப் படிப்பு ஏன்?” என்றார்கள். “பிடிக்கும்” என்றாள். அப்புறம் வீட்டைப் பற்றிச் சில கேள்விகள். முடிந்தது. திரும்பி வந்தவளிடம், “அந்த நிழல் விஷயத்தைச் சொன்னியா?” என்று கேட்டேன். “அவங்க அதைக் கேக்கலையே டீச்சர்” என்றாள்.

அவள் சொன்னதில் தவறே இல்லை. பள்ளியில் அவள் படித்த காலம் முழுக்க, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றித் தானே பேசுவது அகம்பாவம் என்று வீடும் சொல்லியிருக்கிறது. அவளிடம் ‘இயல்பாக இரு’ என்று நீங்கள் சொன்னீர்கள். அவளுடைய இயல்பு அமைதியாக இருப்பது. இயல்பாகவே இருந்தாள். தேர்வாகவில்லை.

அதே நாளில் அதே அறைக்குள் போன இன்னொரு மாணவன் தேர்வானான். நல்ல பையன், தகுதியானவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுடைய அண்ணன் இதே மாதிரி ஒரு நேர்காணலைக் கடந்தவன். அப்பா அலுவலகத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் படிப்பில் உனக்கு ஆர்வம் வந்த கதையைச் சொல் என்று பொருள், ‘வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாயா என்று சோதிக்கிறார்கள் என்று பொருள். இதெல்லாம் அவனுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அவனும் உங்கள் வரியை நம்பித் தனியாக எதுவும் தயாரிக்கவில்லை. அவனுக்கு அதற்கான தேவை இருக்கவில்லை. தயாரிப்பு தேவையில்லை என்ற வாக்கியம், ஏற்கெனவே வீட்டிலேயே தயாராகிவிட்டவர்களுக்கு மட்டும்தான் உண்மை. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களுக்கு அது தவறான வழிகாட்டுதல்.

போன ஆண்டு, ஆசிரியர்களுக்கான ஒரு கூட்டத்தில் உங்களில் ஒருவர் வருத்தப்பட்டுப் பேசினார்: பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் ‘என் பலவீனம் எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது’ என்கிறார்கள், யாருடைய சொந்தக் குரலும் கேட்கவில்லை என்றார். எனக்கும் அதே வருத்தம்தான். ஆனால் அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது? நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லாமல் விட்ட இடத்தில் பயிற்சி மையங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மாதிரிப் பதில்களை அச்சடித்து விற்கிறார்கள். கை குலுக்குவது எப்படி, எந்த நிறத்தில் உடுத்துவது, எந்தக் கோணத்தில் உட்காருவது என்று வகுப்பு எடுக்கிறார்கள். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாத பெற்றோர் கடன் வாங்கியாவது கட்டணம் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு பக்கத் தகவல் கொடுத்திருந்தால் அந்த வியாபாரத்தில் பாதி நின்றிருக்கும்.

சரி, நான் என்னதான் பழக்குகிறேன் என்று கேட்பீர்கள். ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை.

முதலில், விண்ணப்பத்தில் தாங்கள் எழுதியதையே மறுபடி படிக்கச் சொல்கிறேன். எழுதிய ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரும். வாசித்ததாகக் குறிப்பிட்ட புத்தகத்தை உண்மையிலேயே வாசித்திருக்க வேண்டும், அதில் தனக்கு உடன்பாடில்லாத ஒரு இடத்தையாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, சேர விரும்பும் படிப்பின் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறோம். முதல் ஆண்டில் என்னென்ன தாள்கள், பள்ளியில் படித்ததோடு எது ஒட்டுகிறது, எது புதிது. ‘சின்ன வயதிலிருந்தே ஆசை’ என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அந்த ஆசைக்காக என்ன செய்தாய் என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒன்று செய்திருப்பார்கள், அதைச் சொல்லலாம் என்றுதான் தெரிந்திருக்காது. அப்பாவின் கடைக் கணக்கை எழுதுகிற பையன் வணிகவியல் நேர்காணலில் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறான். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியின் மருந்து வேளைகளைக் கவனிக்கும் பெண், செவிலியர் படிப்புக்குப் போகும்போது அதை மறைக்கிறாள். போட்டிகளில் வாங்கிய கோப்பைகளைத்தான் நீங்கள் மதிப்பீர்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

அதிக நேரம் போவது, வாய்விட்டு யோசிக்கப் பழக்குவதில்தான். ஒரு குவளைத் தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கிறது, அது உருகினால் நீர்மட்டம் உயருமா என்று கேட்பேன். முதல் நாள் வகுப்பே அமைதியாகிவிடும். விடை தெரிந்தால் மட்டும் கை தூக்கிப் பழகிய பிள்ளைகள். ‘விடையை விடு, எங்கிருந்து தொடங்குவாய்?’ என்று கேட்டுக்கேட்டு, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்ற இடத்துக்கு வருவார்கள். உருகிய நீர் சரியாக அந்த இடத்தையே நிரப்பும், மட்டம் மாறாது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். உடனே மாற்றிக் கேட்பேன்: அந்தப் பனிக்கட்டிக்குள் ஒரு சிறு கல் உறைந்திருந்தால்? இப்போது மட்டம் இறங்கும். ஏன் என்று தட்டுத் தடுமாறி, தவறாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொல்லி ஒரு பிள்ளை வந்து சேர்கிறபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ‘எனக்கு இது உறுதியாகத் தெரியாது, ஆனால் இப்படி யோசிக்கிறேன்’ என்று ஒரு பிள்ளையைச் சொல்லவைக்க வாரக்கணக்கில் ஆகிறது. கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், யோசிக்க ஒரு நிமிடம் தாருங்கள் என்று சொல்லலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

இதெல்லாம் உண்மையான தயாரிப்பு. இதனால் எந்தப் பிள்ளையும் போலியாகிவிடுவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வழி தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் நான் குருட்டாம்போக்கில்தான் பழக்குகிறேன். ஏனென்றால் நேர்காணல் என்ற பெயரில் உலகத்தில் நடப்பதெல்லாம் ஒன்று இல்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பவர்களே கேட்கிறார்கள், அங்கே பேச்சு பெரும்பாலும் பாடத்தைப் பற்றித்தான். அமெரிக்காவின் பல தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்னாள் மாணவர்கள் தன்னார்வமாக விண்ணப்பதாரரைச் சந்தித்து ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள், அங்கே அது பொதுவான உரையாடல். பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிறு நிலையங்களுக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துக் கேட்கிறார்கள். ஒன்றுக்குத் தயாரானவர் மற்றொன்றில் திணறிப்போவார். உங்களுடையது இதில் எந்த வகை என்றுகூட அழைப்பில் இல்லை. என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஊகித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். ஊகம் தவறினால் இழப்பு பிள்ளைக்கு.

‘முன்கூட்டியே சொல்லிவிட்டால் நேர்காணலின் பயனே போய்விடும்’ என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருமுறை பதில் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் மாதிரிக் கேள்விகளை வெளிப்படையாக வெளியிடுகிறது. கேள்வியோடு, அதை ஏன் கேட்கிறோம், பதிலில் எதைத் தேடுகிறோம் என்று பேராசிரியர்களே விளக்குகிறார்கள். மாதிரி நேர்காணல்களின் காணொளிகளும் உண்டு. உயிரியலுக்கு அவர்கள் வெளியிட்ட ஒரு கேள்வி: பொறிவண்டு சிவப்பு, ஸ்ட்ராபெரியும் சிவப்பு, ஏன்? ஒன்று ‘என்னைத் தின்னாதே’ என்கிறது, மற்றது ‘என்னைத் தின்’ என்கிறது, ஒரே நிறம் எப்படி இரண்டையும் சொல்கிறது என்று மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். இதை வெளியிட்டதால் அவர்களுடைய தேர்வு எளிதாகிவிடவில்லை. வெளியே நிற்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது உங்களுக்குக் கசக்கலாம். ஆளைப் பார்த்துப் பேசினால் தரம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிலரை நேர்காணல் செய்து அவர்களுடைய மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். பழைய மதிப்பெண்ணையும் எடுக்கும் பாடங்களையும் மட்டும் பார்த்துக் கணித்தபோது இருந்த துல்லியம், நேர்காணலும் சேர்ந்தபோது குறைந்தது. இன்னும் ஒன்று செய்தார்கள். சில நேர்காணல்களில் எதிரே இருந்தவர், கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு விதியை வைத்து ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர்களுக்கு அது தெரியவே இல்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979இல் இடங்களை 150இலிருந்து 200ஆகக் கூட்ட வேண்டி வந்தபோது, நேர்காணலுக்குப் பிறகு முதலில் நிராகரிக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்தார்கள். பிற்பாடு படிப்பிலும் பயிற்சியிலும் முதலிலேயே தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே நேர்காணலையே ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண்ணில் தெரியாத ஒரு பிள்ளையை நேரில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது, அந்த நிழல் அளந்த பெண்ணுக்கு அது ஒரு கதவாக இருந்திருக்க முடியும். ஒழுங்காக நடத்துங்கள் என்கிறேன். எல்லாரிடமும் ஒரே அடிப்படைக் கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலின்படி மதிப்பிடும்போது நேர்காணலின் கணிப்பு மேம்படுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அதற்காகத்தான் பல குறு நேர்காணல் முறையை உருவாக்கியது. சுமார் பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் வேறொரு மதிப்பீட்டாளர். ஒருவருக்கு ஒரு பிள்ளையைப் பிடிக்காமல் போனாலும் அது பத்தில் ஒன்றோடு முடிந்துவிடும்.

கடைசியாக வீட்டைப் பற்றிய கேள்விகள். என் மாணவியிடம் அம்மாவின் வருமானத்தைக் கேட்டிருக்கிறார்கள். ‘உன்னை விடுதிக்கு அனுப்புவார்களா, இல்லை நடுவிலேயே கல்யாணம் செய்துவிடுவார்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவளோடு போன பையன்களிடம் இதைக் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டதாகச் சொன்னாள். இயற்பியல் பற்றி அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

இது புதிய அநியாயமும் இல்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1980 நவம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், பெற்றோர் யார், வீடு எங்கே என்றுதான் பெரும்பாலும் கேட்டார்கள் என்பது முறையீடு. மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் ஒரு பெண்ணிடம் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்கிறோம்.

முடிவு வந்த பிறகு, எதில் குறை என்று தெரிந்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்காவது உதவும் என்று கேட்டு எழுதினேன். ‘குழுவின் முடிவே இறுதியானது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவள் வேறொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், நன்றாகப் படிக்கிறாள். இனி வரப்போகிற பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

அழைப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை பேர் கேட்பார்கள், எவ்வளவு நேரம், பாடம் பற்றியா பொதுவானதா, எந்த மொழியில் பதில் சொல்லலாம், எவற்றை மதிப்பிடுகிறீர்கள், மொத்தத் தேர்வில் இதற்கு எவ்வளவு எடை. ஒவ்வொரு துறையும் மூன்று நான்கு மாதிரிக் கேள்விகளையாவது, நல்ல பதிலில் எதைத் தேடுகிறோம் என்ற விளக்கத்தோடு வெளியிடட்டும். மறுபடி கேட்கலாம், யோசிக்க நேரம் எடுக்கலாம், வீட்டில் செய்யும் வேலையையும் சொல்லலாம் என்பதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். இணையவழி நேர்காணல் என்றால், இணைப்பு அறுந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதையும் சேருங்கள். பாதியில் திரை அணைந்து, அதோடு வாய்ப்பும் போய்விட்டது என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அறைக்குள்ளே, எல்லாருக்கும் பொதுவான அடிப்படைக் கேள்விகளை முன்பே முடிவு செய்யுங்கள். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதிவிடட்டும். குடும்ப வருமானம், சாதி, மதம், திருமணம், பெற்றோரின் தொழில் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் விதி போடுங்கள். கட்டண உதவிக்கு வருமானம் தெரிய வேண்டும் என்றால் அது படிவத்தில் இருக்கட்டும், கேட்பவர் மேசைக்கு வர வேண்டாம். ஒவ்வொரு நேர்காணலையும் பதிவு செய்து, மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை வைத்திருங்கள்.

தேர்வாகாத பிள்ளை கேட்டால், எந்த அளவுகோலில் எவ்வளவு வந்தது என்பதை இரண்டு மூன்று வரிகளிலாவது தெரிவியுங்கள். இவற்றில் எதையெல்லாம் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, முடியாதென்றால் ஏன் என்பதை அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பொதுவில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல் ஆசிரியை ஒருவர்